புயல் நாட்களில் எச்சரிக்கை மேசையை நடத்துவது எப்படி

தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது என்ற செய்தி வந்ததுமே, தமிழகக் கடலோரத்துக்கான எச்சரிக்கை மேசையில் உட்கார்ந்திருக்கும் மூத்த வானிலையாளரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எங்கே கரையைக் கடக்கும்? அதற்குப் பதில் தேடுவதிலேயே பொழுதைக் கழிப்பவர் நல்ல ஆய்வாளராக இருக்கலாம். எச்சரிக்கைக் குழுவை நடத்த அது போதாது. யாருக்கு, எத்தனை மணிக்குள், எவ்வளவு உறுதியோடு, என்ன சொல்வது என்று முடிவெடுப்பதுதான் குழுத் தலைவரின் வேலை. வரைபடமும் ராடார் படமும் படிக்கத் தெரிந்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முதன்முறையாக மேசைப் பொறுப்பை ஏற்பவருக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் கேட்பவரின் கடிகாரம்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் எச்சரிக்கைக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முன்கூட்டிய கண்காணிப்புக் குறிப்பு சுமார் 72 மணி நேரத்துக்கு முன். மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது இரண்டாவது, 24 மணி நேரம் இருக்கும்போது மூன்றாவது. கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கையில், கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்ற நான்காவது. இவற்றை யாரும் மறப்பதில்லை, விதிப்புத்தகத்திலேயே இருக்கின்றன. சறுக்கல் நேர்வது வேறிடத்தில்.

பள்ளி விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் அதை முந்தின இரவு அறிவிப்பார், இல்லையென்றால் விடிகாலை 6 மணிக்குள் அறிவிப்பார். காலை 8.30 மணிப் பதிவுகளை வைத்து அருமையான புல்லட்டின் ஒன்றை 10 மணிக்கு அனுப்பினால், பிள்ளைகள் நனைந்தபடி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே பருவமழைக் காலத்தில் இரவு 8 மணிக்கு ஒரு மாவட்டவாரி முடிவு, விடிகாலை 4.30 மணிக்கு அதன் திருத்தம் என்று இரண்டையும் கட்டாயமாக்குங்கள். விசைப்படகுகள் பல துறைமுகங்களில் விடியுமுன்னே கிளம்பிவிடும். கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கனை நிறுத்த வேண்டுமானால் முந்தின நாள் மாலைக்குள் அவர்கள் கையில் செய்தி இருக்க வேண்டும். ஏரிகளையும் அணைகளையும் பார்க்கும் நீர்வளத் துறைப் பொறியாளருக்கு நகரத்தில் பெய்யும் மழையைவிட நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழைதான் முக்கியம். தண்ணீரைப் படிப்படியாகத் திறக்க அவருக்குப் பல மணி நேரம் தேவை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. ஏரி 22 அடியில் நிற்கும்போது "நாளை கனமழை" என்ற செய்திக்கு உள்ள எடை, 15 அடியில் நிற்கும்போது இல்லை.

தங்குகடல் மீனவர்கள் தனிக் கணக்கு. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் கிராமங்களிலிருந்து போகும் படகுகள் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் கடலில் இருக்கும். 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே குமரிக் கடல் பகுதியில் புயலாகிவிட்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான படகுகள் கைபேசி எட்டாத தொலைவில் இருந்தன. படகிலுள்ள விஎச்எஃப் வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர்தான் எட்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் அதன்பின் வந்துவிட்டன, ஆனால் எல்லாப் படகிலும் இல்லை. எனவே குமரிக் கடலிலோ இலங்கைக்குத் தெற்கிலோ சுழற்சி உருவாக வாய்ப்பு என்று தெரிந்தால், தாழ்வு மண்டலமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாய்ப்பு குறைவாக இருந்தாலும் மீனவர் எச்சரிக்கையை நான்கைந்து நாள் முன்னதாகவே தேதியும் கடற்பகுதியும் குறித்து அனுப்புங்கள். புயல் வராமல் போனால் ஏச்சு விழும். அந்த ஏச்சை வாங்கிக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

காலை ஆய்வில் கவனிக்க வேண்டியவை

கணினி வரைந்த சமஅழுத்தக் கோடுகளை நம்பி மேலே போகாமல், தென்மேற்கு வங்கக் கடலுக்கும் கடலோரத்துக்கும் மட்டுமாவது கையால் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஆகும். மிதவைகள், கப்பல்கள், இலங்கை நிலையங்கள், போர்ட் பிளேர் ஆகியவற்றின் பதிவுகளில் எது பொருந்தவில்லை என்பது வரையும்போதுதான் கண்ணில் படும்.

அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கையில் மூன்று மணி நேரத்துக்கு முந்தைய மதிப்போடு ஒப்பிடாதீர்கள். நம் அட்சரேகையில் அழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4, விடிகாலை 4 மணி வாக்கில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கமே 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரும். காலை 11.30க்கும் பிற்பகல் 2.30க்கும் இடையே அழுத்தம் 3 குறைந்துவிட்டது என்று பதறிப்போய் எழுதிய குறிப்புகள் ஒவ்வொரு பருவத்திலும் வரும். நேற்று இதே மணியில் இருந்த மதிப்போடு ஒப்பிடுங்கள். 24 மணி நேரத்தில் 3 குறைந்திருந்தால் அது சேதி.

மணிக்கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் உலகப் பொது நேரத்தில் பேசும், நமக்கு அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. "டிசம்பர் 18, 95 செ.மீ." என்று பதிவேட்டில் இருப்பதில் பெரும்பகுதி டிசம்பர் 17 அன்று பெய்த மழை. மாதிரியின் 24 மணி நேர மழைப் படம் காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரை இருந்தால், விடிகாலையில் கொட்டும் கடலோர மழை தவறான நாளில் போய் விழும். எச்சரிக்கையில் "நாளை" என்று மட்டும் எழுதாமல் தேதியும் மணியும் போடுங்கள்.

மேலடுக்குகளை அளக்கப் பறக்கவிடும் பலூனின் பதிவில் மூன்று இடங்களைப் பாருங்கள்: தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. வரை கிழக்குக் காற்றின் வேகம், 3 முதல் 6 கி.மீ. வரை ஈரம், கீழடுக்குக் காற்றுக்கும் மேலடுக்குக் காற்றுக்கும் உள்ள வேறுபாடு. கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று பாடநூல் சொல்லும். நவம்பரில் வங்கக் கடல் பெரும்பாலும் அதைத் தாண்டியே இருப்பதால், புயலாகுமா இல்லையா என்பதை அது பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது காற்று வேறுபாடும் நடு அடுக்கில் நுழையும் வறண்ட காற்றும்தான். வேறுபாடு 20 நாட்டுக்குள் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) இருந்தால் வளர வழி உண்டு, அதைத் தாண்டினால் மேகம் ஒரு பக்கமும் மையம் ஒரு பக்கமுமாகப் பிரியும்.

மையமும் வலிமையும்

மையத்தைக் குறிக்கும்போது இரண்டு பேர் தனித்தனியே குறிக்கட்டும், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே 50 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அதை நிலைமையின் தெளிவின்மை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த புல்லட்டினின் தொனியைக் குறையுங்கள். யார் சரி என்ற விவாதம் பிறகு.

இரவில் அகச்சிவப்புப் படத்தை மட்டும் பார்த்து மையம் குறிப்பது ஆபத்து. மேலே பரந்து கிடக்கும் குளிர்ந்த மேகம் கீழ்ச்சுழற்சியை மறைத்துவிடும். இரவு முழுவதும் மேகத்தின் நடுவில் குறித்துக்கொண்டே வந்த மையம், விடிந்து முதல் ஒளிப்படம் வந்ததும் 100 கி.மீ. தள்ளி வெறுங்கடலில் சுழன்றுகொண்டிருப்பது தெரியவரும். இதைத் தவிர்க்க மைக்ரோவேவ் படங்களையும், கடற்பரப்புக் காற்றை அளக்கும் செயற்கைக்கோள் கடப்புகளையும் தேடி எடுக்க இரவு ஷிப்டில் ஒருவரை நியமியுங்கள். இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் படங்கள் அடிக்கடி வருகின்றன என்பதற்காக அவை எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைக்கக் கூடாது.

நகரும் வேகத்தை 3 மணி நேர இடைவெளியில் கணக்கிடாதீர்கள். மையக் குறிப்பில் 30 கி.மீ. பிழை இருந்தால், 3 மணி நேரக் கணக்கில் வேகம் மணிக்கு 10 கி.மீ. தவறும். 12 மணி நேரக் கணக்கில் அதே பிழை இரண்டரை கி.மீ.தான். புயல் திடீரென நின்றுவிட்டது, வேகம் பிடித்துவிட்டது என்று மாறி மாறி வரும் செய்திகளில் பாதி இந்தப் பிழைதான்.

வலிமைக்கு, செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் அமைப்பைப் பார்த்து மதிப்பிடும் துவோரக் முறையின் டி எண்: 2.5 என்றால் 35 நாட், அதாவது புயல், 3.5க்கு 55 நாட், தீவிரப் புயல், 4.0க்கு 65 நாட், அதி தீவிரப் புயல். புயல் நிலைக்கான வரம்பு மணிக்கு 62 கி.மீ. இங்கே கணக்கில் கொள்வது 3 நிமிடச் சராசரிக் காற்று. அமெரிக்கக் கடற்படையின் மையம் 1 நிமிடச் சராசரி எடுப்பதால் அவர்கள் எண் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். "அவர்கள் அதிகம் சொல்கிறார்கள், நீங்கள் மறைக்கிறீர்கள்" என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அவ்வளவுதான்.

மாதிரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது

ஐரோப்பிய மாதிரி, ஜிஎஃப்எஸ், என்சியூஎம் என்ற உலகளாவிய மாதிரிகள், 3 கி.மீ. அளவிலான டபிள்யூஆர்எஃப் என்ற வட்டார மாதிரி, 2025 மே மாதம் முதல் 6 கி.மீ. அளவிலான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு. படங்களுக்குப் பஞ்சமில்லை. எது சிறந்தது என்ற சண்டையில் ஷிப்டின் முதல் இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்குப் பதில் ஒவ்வொரு மாதிரியும் இப்போதைய நிலையைச் சரியாகத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் தொடக்க மையம் நீங்கள் குறித்த மையத்திலிருந்து 150 கி.மீ. தள்ளி இருந்தால், 48 மணி நேரத்துக்குப் பின் அது காட்டும் இடத்தை அந்தச் சுற்றில் ஒதுக்கி வையுங்கள்.

ஒரே மாதிரியைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுவதுதான் குழும முன்னறிவிப்பு; ஒவ்வொரு ஓட்டமும் ஒரு உறுப்பினர். அதில் சராசரிப் பாதையைப் பிடித்துக்கொள்வது பெரிய தவறு. 51 உறுப்பினர்களில் பாதி மேற்கே வந்து நாகப்பட்டினத்தைத் தொடுகிறது, மீதி வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போகிறது என்றால், சராசரி சென்னையைக் காட்டும். எந்த உறுப்பினரும் அங்கே வராது. இரண்டு கொத்துகளாகப் பிரித்து, இரண்டையும் பிரிப்பது எது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது வடக்கே உள்ள உயரழுத்தப் பகுதியின் மேற்கு விளிம்பு எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதாகவோ, மேற்கிலிருந்து வரும் அலையின் வேகமாகவோ இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் அடுத்த பலூன் பதிவில் எந்த நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சுற்று சென்னை என்கும், 12 மணி நேரம் கழித்து அடுத்தது காரைக்கால் என்கும். பின்னாலேயே ஓடாதீர்கள். 24 மணி நேரப் பாதைக் கணிப்பிலேயே சராசரிப் பிழை சுமார் 70 முதல் 80 கி.மீ., 48 மணி நேரத்தில் 100ஐத் தாண்டும். அந்தப் பிழைக்குள் அடங்கும் மாற்றத்துக்காகக் கரை கடக்கும் இடத்தை மாற்றி எழுதினால், கேட்பவர்கள் துல்லியம் கூடியதாக நினைப்பார்கள். கூடியது குழப்பம் மட்டுமே. இரண்டு அடுத்தடுத்த சுற்றுகள் ஒரே திசையில் நகர்ந்தாலோ, ராடார், மிதவை போன்ற நேரடிப் பதிவு ஒன்று ஆதரித்தாலோ மட்டும் மாற்றுங்கள். இந்த விதி இறக்குவதற்கும் இடம் மாற்றுவதற்கும். ஏற்றுவதற்கு அல்ல. எச்சரிக்கையை ஏற்ற ஒரு வலுவான காரணம் போதும்.

2024 நவம்பரின் ஃபெஞ்சல் இதற்கு நல்ல பாடம். 27ஆம் தேதி வாக்கில் புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே இழுத்தடித்தது. இனிப் புயலாகாது என்ற கணிப்பு வந்த பிறகு 29ஆம் தேதி புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மணிக்கணக்கில் அங்கேயே அசையாமல் நின்றது. புயல், தாழ்வு மண்டலம் என்று பட்டம் மாறி மாறி வந்ததில் எல்லோர் கவனமும் காற்றின் வேகத்தில் நின்றுவிட்டது. மழையோ பட்டத்தைப் பார்த்துப் பெய்யவில்லை. வலுவிழந்து உள்ளே போன மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டி, தென்பெண்ணையில் வெள்ளம் விட்டது. நகரும் வேகம் மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே போகும் எனத் தெரிந்தாலே, கரை கடந்த பிறகான 48 மணி நேர மழையைத் தனிப் புல்லட்டினாக எழுதச் சொல்லுங்கள்.

ராடார் முன் கழியும் இரவு

வடகிழக்குப் பருவமழையில் கடலோர மழை பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை 8 மணிக்கும் இடையேதான் வலுக்கும். நிலத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றும் கரையோரம் மோதும் கோட்டில் மேகங்கள் முளைக்கும். எனவே அனுபவமுள்ள ராடார் ஆளை இரவு ஷிப்டில் போடுங்கள். பகலில் கூட்டம் கூடும், இரவில் ஒருவர்தான் இருப்பார் என்ற நடைமுறை தலைகீழானது.

சென்னைத் துறைமுக ராடாரின் 0.5 டிகிரிக் கற்றை புதுச்சேரிக்கு மேல் 2 கி.மீ.க்கும் கூடுதலான உயரத்தில் போகிறது. 200 கி.மீ. தொலைவில் அது சுமார் 4 கி.மீ. நம் பருவமழை மேகங்கள் கீழடுக்கிலேயே கனமாகப் பெய்யக்கூடியவை. தொலைவில் படம் மங்கலாக இருப்பதால் மழை லேசானது என்று எண்ணாதீர்கள், காரைக்கால் ராடாரையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கரணையில் உள்ள, குறைந்த அலைநீளத்தில் இயங்கும் எக்ஸ்-பேண்ட் ராடார் நகரத்துக்கு மிக நுணுக்கமான படம் தரும். ஆனால் கனமழைத் திரைக்குப் பின்னால் அதன் அலை வலுவிழந்துவிடும். அங்கே படம் வெறுமையாகத் தெரிவது மழையில்லாததால் அல்ல.

மழை அளவைக் கணக்கிடும் சூத்திரத்தையும் சரிபாருங்கள். 45 டிபிஇசட் (ராடார் எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அலகு) எதிரொலிக்கு வழக்கமான மார்ஷல்-பாமர் சூத்திரம் மணிக்கு சுமார் 24 மி.மீ. என்கும். வெப்பமண்டல மழைக்கான சூத்திரம் அதே எதிரொலிக்கு சுமார் 56 மி.மீ. என்கும். எது பொருந்துகிறது என்று அறிய, தானியங்கி நிலையம் ஒன்றின் கடந்த ஒரு மணி நேரப் பதிவை ராடார் மதிப்போடு ஒப்பிட்டால் போதும். பெரும்பாலான புயல் இரவுகளில் இரண்டாவதுதான் நெருங்கி வரும்.

மேகத்திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில்பெட்டிகள்போல ஒரே ஊரின் மேல் வந்துகொண்டிருக்கின்றனவா என்பதுதான் இரவு முழுவதும் கேட்க வேண்டிய கேள்வி. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணம்: 20 நிமிடம், 12 மி.மீ. அதே கோட்டில் ஆறு மணி நேரம் வந்தால் 20 செ.மீ.யைத் தாண்டிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி, கடைசி ஒரு மணி நேரப் படங்களை ஓடவிட்டு, மேகங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன, புதியவை எந்த இடத்தில் முளைக்கின்றன என்ற இரண்டையும் தனியாகக் குறிப்பது. நகரும் திசையும் கோட்டின் திசையும் ஒன்றாக இருந்து, முளைக்கும் இடமும் அசையாமல் இருந்தால், மூன்று மணி நேர உடனடி முன்னறிவிப்பை அப்போதே ஏற்றுங்கள். மழைமானி 10 செ.மீ. காட்டும்வரை காத்திருந்தால், அது எச்சரிக்கையாக இருக்காது, பதிவாகத்தான் இருக்கும். 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் சென்னையில் நடந்தது இதுதான்: கடலிலேயே இருக்கும் என்று எதிர்பார்த்த மழை நிலத்துக்கு மேல் வந்து நின்றது, சிவப்பு எச்சரிக்கை வரும்போது தெருக்கள் நிரம்பிவிட்டிருந்தன.

காற்றைக் காட்டும் படத்தில் இன்னொரு பொறி. ராடார் தன்னை நோக்கியோ விலகியோ செல்லும் காற்றை மட்டுமே அளக்கும். குறுக்கே வீசும் 100 கி.மீ. காற்று பூஜ்யமாகத் தெரியும். கரையை நெருங்கும் புயலின் பலத்த பகுதி அந்தப் பூஜ்யக் கோட்டின்மேல் விழுந்தால், "வலுவிழந்துவிட்டது" என்று புதியவர் எழுதிவிடுவார்.

எழுதுவது

எச்சரிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்றால் அந்த மாவட்டத்தின் நிலையங்களில் 25 சதவீதம் வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் 76 சதவீதத்துக்கு மேல். இது உங்களுக்குத் தெரியும். வாசிப்பவர் "ஓரிரு" என்பதைக் கொஞ்ச மழை என்று எடுத்துக்கொள்வார். மிக கனமழை எச்சரிக்கையில் இந்தச் சொல் வந்தால், அருகிலேயே எந்தப் பகுதி என்று எழுதுங்கள்.

அதி கனமழை என்ற பிரிவு 204.4 மி.மீ.க்கு மேல் தொடங்குகிறது. மேல் வரம்பு கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. பெய்தது. குமரிக் கடல் பகுதியில் இருந்தது வெறும் மேலடுக்குச் சுழற்சி, தாழ்வு மண்டலம்கூட அல்ல. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே சிவப்பு நிறத்தில் போகும்போது, நிறத்தால் சொல்ல முடியாததை வாக்கியத்தால் சொல்ல வேண்டும்: "மழை இடைவிடாமல் 12 மணி நேரத்துக்கு மேல் தொடரலாம், சில இடங்களில் 40 செ.மீ.யைத் தாண்டக்கூடும்." எண்ணைப் போடத் தயங்குவார்கள். குழும முன்னறிவிப்பில் பத்தில் ஒரு உறுப்பினராவது அந்த அளவைக் காட்டினால், போடுங்கள்.

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை மூழ்கியது அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில், புயல் நகருக்குக் கிழக்கே கடலில் மெதுவாக ஊர்ந்தபோது. முதல் வரியில் "ஆந்திராவில் கரையைக் கடக்கும்" என்று எழுதினால் சென்னைவாசி மீதியைப் படிக்க மாட்டார். ஆகவே புல்லட்டினின் முதல் வரி வாசிப்பவரின் ஊருக்கு என்ன நடக்கும் என்பதாக இருக்கட்டும், மையம் எங்கே என்பது மூன்றாவது வரிக்குப் போகட்டும். இப்படி:

"திங்கள் விடிகாலை 3 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் இடைவிடாத மிக கனமழை, சில இடங்களில் அதி கனமழை. காற்று மணிக்கு 60 முதல் 70 கி.மீ., இடையிடையே 80. புயல் மையம் கடலிலேயே இருக்கும்; அதனால் மழை குறையாது."

புயல் கூண்டு விஷயத்தில் ஊடகங்கள் எண்ணைப் பார்த்துத்தான் பயப்படும் அல்லது அலட்சியம் செய்யும். 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான், துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் புயல் கடக்கிறது என்பதே வித்தியாசம். இதைச் செய்தியாளர் சந்திப்பில் நீங்களே சொல்லிவிட்டால் "5லிருந்து 6க்கு உயர்ந்தது" என்ற தலைப்பு வராது.

கடல் நீர் உள்ளே புகுவது பற்றி எழுதும்போது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் ஒரே வாக்கியம் போடக் கூடாது. கிழக்கு பார்த்த கரையில், மேற்கு நோக்கி வரும் புயலின் வடக்குப் பக்கத்தில்தான் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். வேதாரண்யம் முதல் முத்துப்பேட்டை வரையுள்ள தெற்கு பார்த்த கரையில், மையம் நிலத்துக்குள் போன பின் வீசும் தெற்குக் காற்று பாக் நீரிணையின் ஆழமற்ற நீரை ஏற்றும். "புயல் கடந்துவிட்டது" என்று நம்பி வீடு திரும்புபவர்கள் அங்கே மாட்டுவார்கள்.

கரை கடக்கும் இரவு

மூன்று பேர் குறைந்தபட்சம்: ராடாரில் ஒருவர், புல்லட்டின் எழுத ஒருவர், தொலைபேசிக்கு ஒருவர். குழுத் தலைவர் தொலைபேசி எடுக்கக் கூடாது. எடுத்தால் மணிக்கு ஒரு முறை வர வேண்டிய நிலைக் குறிப்பு தள்ளிப்போகும். அமைச்சர் அலுவலகமும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும் அழைக்கும் எண்ணைத் தனியாக வையுங்கள், பொது எண்ணில் அவர்கள் வரிசையில் நிற்க நேர்ந்தால் உங்கள் கைபேசிக்கு வருவார்கள். யாரும் 12 மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்க வேண்டாம். இரவு 2 மணிக்குச் சோர்ந்தவர் எழுதும் புல்லட்டினில் "வடமேற்கு" என்பது "வடகிழக்கு" ஆகும். வெளியே போகும் ஒவ்வொரு வரியையும் எழுதாத ஒருவர் உரக்கப் படித்துச் சரிபார்த்தால் இது பிடிபடும்.

டீசலும் இரண்டாவது இணைய வழியும் மாலையிலேயே பார்த்து வைக்க வேண்டும். காற்று வலுக்கும்போது முதலில் விழுவது தானியங்கி நிலையங்களின் தொடர்பு. எந்த நிலையத்தில் கையால் பாரமானி படிக்க ஆள் இருக்கிறார் என்ற பட்டியலும், மணிக்கு ஒருமுறை அவர் சொல்ல வேண்டிய மூன்று எண்களும், அதாவது அழுத்தம், காற்றின் திசை, மழை, சுவரில் ஒட்டியிருக்கட்டும். காற்று திசை மாறும் வரிசையைப் பார்த்தே மையம் அந்த ஊருக்கு வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று சொல்லிவிடலாம்: வடக்கிலிருந்து மேற்காக மாறினால் மையம் வடக்கே, வடக்கிலிருந்து கிழக்காக மாறினால் தெற்கே.

கண் பகுதி ஒரு ஊரைக் கடக்கும் என்றால், காற்று ஓயும் நேரத்தையும் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வீசும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வார்தா, கஜா புயல்களின் போது பார்த்ததுதான்: ஓய்வு வந்ததும் மக்கள் வண்டியை நகர்த்த, கூரையைக் கட்ட வெளியே வருவார்கள்.

ஷிப்ட் மாற்றத்துக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். போகிறவர் நான்கு விஷயங்களை எழுதித் தர வேண்டும்: இப்போது அமலில் உள்ள எச்சரிக்கைகளும் அவை முடியும் நேரமும், எதில் சந்தேகம் இருக்கிறது, எந்தப் பதிவு வந்தால் எந்த எச்சரிக்கையை மாற்ற வேண்டும், யாருக்கு என்ன சொல்லுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அணைப் பொறியாளர் 11 மணிக்கு அழைப்பு வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வாரம்

சரிபார்ப்பை மாவட்டவாரியாகச் செய்யுங்கள். உதாரணமாக, எச்சரித்து மழை வந்தவை 8, எச்சரிக்காமல் வந்தவை 2, எச்சரித்தும் வராதவை 6 என்று வைத்துக்கொண்டால், கண்டறிந்த விகிதம் 10க்கு 8, பொய் எச்சரிக்கை 14க்கு 6, இரண்டையும் சேர்த்த மதிப்பெண் 16க்கு 8. பொய் எச்சரிக்கையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரும்போது இந்த அட்டவணையில் தவறவிட்ட இரண்டு எந்த மாவட்டங்கள் என்று காட்டுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கையும் அனுப்பப்பட்ட நேரத்துக்கும் மழை வரம்பைத் தாண்டிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தனி நெடுவரிசையில் எழுத வேண்டும். அது எதிர்மறையாக வந்த இடங்களில் எந்த ராடார் படம் எந்த மணிக்கு மேசையில் இருந்தது என்று பதிவேட்டோடு ஒப்பிட்டு, அந்தப் படங்களைப் பயிற்சிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பதிவேட்டில் நேரம் எழுதாமல் விட்ட வரிகள் இருந்தால், அடுத்த தாழ்வுப் பகுதிக்கு முன் அதற்கான படிவத்தை மாற்றியாக வேண்டும்.